ஏழாம் வண்டியின் முறை

இந்த வண்டி என்னுடையது இல்லை சார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தானே கேட்டீர்கள்? இருதயராஜ் நான் இல்லை. நான் சென்னியப்பன். அவனுடைய டாக்ஸி பர்மிட்டை ஒப்படைக்க இந்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்திருக்கிறேன். வண்டியை வாங்குகிறவர் சொந்த உபயோகத்துக்குக் கேட்கிறார். மஞ்சள் போர்டைக் கழற்றிவிட்டு வெள்ளை போர்டு மாட்ட வேண்டும். அதற்கு முதலில் பர்மிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அவர் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். அவனால் வர முடியாது. பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் இழுத்துவிட்டது, நாலு மாதமாகிறது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் சம்சாரம் ராமாயி இருந்தவரை எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். ஆனால் அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், என்னைப் போலக் காத்திருக்கிற நீங்களும் கேட்டுவிட்டீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

ஈரோட்டில் ரயிலடிக்கு வெளியே புளியமரத்தை ஒட்டி எங்கள் கார் ஸ்டாண்டு. இருபத்து நாலு வண்டி. என் வண்டிக்கு எட்டாம் நம்பர், இருதயராஜுக்கு ஏழு. வண்டி ஓட்டுவதோடு எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. முறை நோட்டு எழுதுவது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், ஆனால் எழுத்து திருத்தமாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறேன். அறுபத்து மூன்று நோட்டு. எல்லாம் வீட்டில் இருக்கிறது.

முறை என்றால் வேறொன்றும் இல்லை சார். முதலில் நிற்கிற வண்டிக்கு முதல் சவாரி. போய்விட்டு வந்தால் கடைசியில் நிற்க வேண்டும். மூன்று மணி நேரம் காத்திருந்தவனுக்குப் பக்கத்திலிருக்கிற கருங்கல்பாளையம் சவாரி வரும். அவனுக்குப் பின்னால் நின்றவனுக்குக் கொடைக்கானல் வரும். வயிறு எரியத்தான் செய்யும். இருந்தாலும் யாரும் சண்டை போட்டதில்லை. நோட்டில் இருந்தால் சரி என்று போய்விடுவார்கள்.

காலையில் நம்பர் வரிசையில்தான் நிற்போம், ஏழு கிளம்பினால் அடுத்தது எட்டு. இருபத்து நாலு வருஷத்துக்கு மேல் அவன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு வாய் ஓயாது. நான் நோட்டை எடுத்தாலே ஆரம்பித்துவிடுவான்.

"ஏண்டா சென்னி, உன்ற கல்யாணத்துல தாலி முடிச்சு மூணுதானான்னு எண்ணிப் பார்த்திருப்பியே?"

 எண்ணித்தான் பார்த்தேன்.

அப்புறம் போனிலேயே காரைக் கூப்பிடுகிற இந்த ஆப் வந்தது. ரயில் வந்து நிற்கும், ஜனங்கள் வெளியே வருவார்கள், போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போவார்கள். முன்பெல்லாம் வேண்டாம் என்றால் தலையை ஆட்டிவிட்டாவது போவார்கள். இப்போது நாங்கள் நிற்கிறோம் என்பதே கண்ணில் படவில்லை. எங்களுக்கு ஒரே ரேட்டு. ஆப்காரர்களுக்கு வெயிலுக்கு ஒரு ரேட்டு, மழைக்கு ஒரு ரேட்டு. ஒரு நாளைக்கு எனக்கு நாலு முறை வந்துகொண்டிருந்தது இரண்டாயிற்று, ஒன்றாயிற்று. ஏழு நாள் ஒரு முறைகூட வராமல் வீட்டுக்குப் போனேன்.

ஆப் வண்டிகளைத் தடுக்கச் சொல்லி ஆறு தடவை மனு கொடுத்தோம். ஆறும் என் கையெழுத்தில் எழுதியவை. ஆறாவது தடவை ஒரு அதிகாரி உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனிதர்தான். "பெரியவரே, அவங்களும் மஞ்ச போர்டு, நீங்களும் மஞ்ச போர்டு. அவங்களும் பர்மிட் வச்சிருக்காங்க, எஃப்.சி. காட்டறாங்க. போன்ல கூப்புட்டா போகக் கூடாதுன்னு நான் எந்தச் சட்டத்துல போடறது?" என்றார். 

சட்டம் இல்லை என்றால் நாமே போட்டுக்கொள்வோம் என்று கூட்டம் போட்டோம். ஆப்பில் சேர்ந்து ஓட்டுகிறவனுக்கு ஸ்டாண்டில் முறை கிடையாது. இருபத்து நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது கையெழுத்து இருதயராஜுடையது.

அவன் ஆப்பில் சேர்ந்துவிட்டான் என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான் சார். வேறு யாருக்கும் தெரியாது. அவன் முறை வரும்போது ஆள் இருக்க மாட்டான். கேட்டால் வண்டி ஒர்க் ஷாப்பில் என்பான். ஒரே மாதத்தில் பதினோரு நாள் ஒர்க் ஷாப். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு திங்கட்கிழமை அவனோடு பேசுகிற மாதிரி ஜன்னலில் சாய்ந்து மீட்டரைப் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமையும் பார்த்தேன். நோட்டின்படி அந்த வாரம் அவன் ஓடியது இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். மீட்டரில் அறுநூற்றுத் தொண்ணூறு.

அவன் மகள் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தெரியும். எல்லோர் வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். என் வீட்டில் இல்லையா? அதைப் பார்த்தால் நோட்டு எழுத முடியாது.

அவனிடமே கேட்டிருக்கலாம் என்கிறீர்களா? கேட்டிருக்கலாம். எனக்கு முகத்துக்கு நேராக ஒருவரைக் கேட்டுப் பழக்கம் இல்லை. லோகுவிடம் சொன்னேன். லோகு எங்கள் ஸ்டாண்டில் பதினாறாம் நம்பர். முப்பது வயது, நல்ல உடம்பு, முன்கோபம்.

"கணக்கெல்லாம் வேணாங்ணா, அவரு மாத்திப் பேசிருவாரு. கையும் களவுமாப் புடிக்கோணும்" என்றான்.

அப்போது எங்கள் ஸ்டாண்டுப் பசங்கள் வழக்கமாகச் செய்வதுதான் சார். பயணி மாதிரி ஆப்பில் வண்டிக்குச் சொல்லுவார்கள். வண்டி வந்ததும் சுற்றிக்கொள்வார்கள். லோகு இப்படி நிறையச் செய்து, பசங்கள் நம்பர் எல்லாவற்றையும் அந்தக் கம்பெனிக்காரர்கள் தடுத்து வைத்துவிட்டார்கள். அதனால் புது நம்பர் வேண்டும் என்றான். என் போனைக் கொடுத்தேன். அதில் ஆப்பை ஏற்றி, பெயர் கேட்டது என்று சென்னியப்பன் என்றே போட்டான். இடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசல். அங்கே எந்த நேரமும் சவாரி இருக்கும், சந்தேகம் வராது என்றான்.

அது ராமாயி இறந்த ஆஸ்பத்திரி. லோகுவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் சரி என்றேன்.

ராமாயிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் பதினாலு மாதம் வாரம் ஒரு தடவை அங்கேதான் போனோம். என்னை ஓட்ட விட மாட்டான் இருதயராஜ். "நீ பொறத்தால உக்காந்து அக்காவப் புடிச்சுக்கோ, வண்டிய நான் பார்த்துக்கறேன்" என்பான். எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டாண்டுக்காரனையோ அவன் வீட்டு ஆளையோ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனாலும் கூட்டி வந்தாலும் அந்தச் சவாரி முறையில் சேராது. வாடகை வாங்கக் கூடாது. போய்விட்டு வந்தால் கடைசிக்குப் போக வேண்டியதில்லை, பழைய இடத்திலேயே நிற்கலாம். நோட்டில் டிக் போடாமல் 'ஆ' என்று எழுதுவேன். ராமாயிக்காக இருதயராஜ் பெயருக்கு நேரே ஐம்பத்தெட்டு 'ஆ' இருக்கிறது. கடைசியாகக் கூட்டிப் போனதும் அவன்தான். கூட்டி வந்ததும் அவன்தான்.

சரி, அந்த நாளைச் சொல்லுகிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம். லோகுவோடு சேர்த்து ஆறு பேர் ஆஸ்பத்திரிக்கு எதிரே பழக்கடை மறைவில் நின்றார்கள். நான் மட்டும் வாசலில். முதலில் யாரோ ஒருவர் எடுத்தார், லோகு ரத்து செய்தான். இரண்டாவதும் வேறு ஆள், ரத்து. மூன்றாவது இருதயராஜ். மணி ஒன்று ஐம்பத்திரண்டு. லோகு போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு மறைவுக்குத் திரும்பினான்.

இரண்டு மணி ஒரு நிமிஷத்துக்கு வண்டி வந்து நின்றது. ஒன்பது நிமிஷம். அவன் வீடு மூலப்பாளையம் தாண்டி. மத்தியான நெரிசலில் எனக்குப் பதினேழு நிமிஷம் ஆகும். ஒருவழிப் பாதையில் எதிரே ஏறி வந்திருந்தால்தான் ஒன்பதில் வர முடியும். நூற்று நாற்பது ரூபாய்ச் சவாரிக்கு இப்படி ஒரு பேராசையா என்று நினைத்தேன்.

கதவைத் திறந்துபோட்டபடியே இறங்கி ஓடி வந்தான். சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் போடவில்லை. வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

"நின்னுட்டுத்தான் இருக்கியா? அப்பாடா. நின்னுட்டுத்தான் இருக்கியா நீ?" என்று சிரித்தான். சிரித்தானா, மூச்சு வாங்கினானா, இரண்டும்தான்.

அவன் வலது கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. என் சட்டையிலும் ஒட்டியது. பார்த்தேன் சார். பார்த்துவிட்டு, சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டா சவாரிக்கு ஓடி வருகிறான் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு நன்றாக நடிக்கிறானே என்றும் நினைத்தேன். ஒன்றரை வருஷம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். லோகு சாவியை உருவினான். ஒருவன் டயரில் காற்றை இறக்கினான். "கையெழுத்துப் போட்டீரல்ல, பெரிய மனுசா" என்று கேட்டு லோகு அவன் கன்னத்தில் அறைந்தான். ஒரு அறைதான். ஊரில் வேறு மாதிரி சொல்லுவார்கள், அடித்து நொறுக்கிவிட்டார்கள் என்று. இல்லை. ஒன்றுதான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

நான் கை வைக்கவில்லை சார். அதையும் சொல்ல வேண்டும்.

இருதயராஜ் லோகுவைப் பார்க்கவே இல்லை. கன்னத்தைக்கூடத் தொடவில்லை. என்னைப் பார்த்தான். என் கையில் இருந்த போனைப் பார்த்தான். பிறகு, "நோட்டுல என்னன்னு எழுதப் போற சென்னி?" என்று கேட்டான்.

எழுதினேன். அன்று சாயங்காலமே எழுதினேன். தேதி போட்டு, நேரம் போட்டு, 'ஆஸ்பத்திரிச் சவாரி, முறை மீறல், ஏழாம் வண்டி நீக்கம்' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு அவன் ஸ்டாண்டுப் பக்கம் வரவில்லை. எங்கேயாவது எதிரே வண்டியில் வந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான். ஐந்து தடவை எதிரே வந்தான்.

ஸ்டாண்டு பிழைத்ததா என்றால், இல்லை. நாலாவது மாதம் லோகுவே ஆப்பில் சேர்ந்துவிட்டான். "என்னங்ணா பண்றது, வண்டிக்கு டியூ கட்டோணுமே" என்றான். அவனை யார் போய்ப் பிடிப்பது? பிடிக்கிறவர்களில் அவன்தானே முதல் ஆள். அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். இன்றைக்கு ஐந்து வண்டி நிற்கிறது. ஐந்து பேருக்கு நோட்டு தேவையில்லை, தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். ஆனாலும் எழுதுகிறேன்.

போன மாதம் இருபதாம் தேதி லூர்து மேரி ஸ்டாண்டுக்கு வந்தாள். இருதயராஜின் சம்சாரம். கையில் ஒரு துணிப்பை. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அவளே பக்கத்தில் வந்துவிட்டாள்.

"அண்ணா, வண்டியைக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். புரோக்கரு நாலு தடவ அலைய உடறான். இவரு சொல்றாரு, சென்னிகிட்டக் குடு, ஒரு பேப்பர்கூட உடாம முடிச்சுக் குடுப்பான்னு."

"அவன் சொன்னானா?"

"அவருதான் சொன்னாரு."

பையை வாங்கி அங்கேயே எண்ணினேன். ஆர்.சி., பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி ரசீது. எண்ணுகிறபோது அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கதை சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

"நீங்க ஆஸ்பத்திரிக்கு வண்டி சொன்ன அன்னைக்கும் இப்படித்தாண்ணா, எதையும் பார்க்காம எந்திரிச்சு ஓடுனாரு. சாப்புடறப்ப அந்த ஆப் மணி அடிச்சா எடுக்கவே மாட்டாரு. நான்தான் ஏனுங்க அடிச்சுட்டே இருக்குதுன்னேன். எட்டிப் பார்த்தாரு. உங்க பேரு இருந்துச்சு, ஆஸ்பத்திரி பேரு இருந்துச்சு. 'சென்னி காருக்குச் சொல்ற ஆளில்ல மேரி, அவனால ஓட்ட முடியல, அதான்'னாரு. கை கழுவச் சொன்னேன். அதுக்குள்ள வண்டி தெருவைத் தாண்டிருச்சு."

நான் வரி ரசீதைத் திரும்பவும் எண்ணினேன். ஒரே ஒரு ரசீதுதான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்த நோட்டை எடுத்தேன். ஐம்பத்தொன்பதாம் நோட்டு. நான் எழுதியதைப் படித்தேன். 'ஆஸ்பத்திரிச் சவாரி, முறை மீறல்.' என் கையெழுத்து. சார், அவன் ஆப் வைத்திருந்தது தப்புத்தான். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நான் எழுதியது அதை இல்லை. அந்த ஒரு சவாரியை எழுதினேன். அந்தச் சவாரிக்கு அவன் ஸ்டாண்டுக்காரன் ஒருவனை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிப் போக வந்தான். எங்கள் வழக்கப்படி அது மீறல் ஆகாது. அதற்கு 'ஆ' போட வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் நான் தப்பாக எழுதியது அந்த ஒரு வரிதான்.

அடித்துவிட்டு 'ஆ' என்று எழுதினேன். பக்கத்தில் திருத்தம் என்று போட்டுத் தேதியும் போட்டேன். கணக்கு நேராகிவிட்டது என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், தூங்கினேன்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அதிகாரக் கடிதத்தில் அவன் கையெழுத்து வேண்டும், 'நான் வர இயலாது, என் சார்பில் இவர் வருகிறார்' என்று. நோட்டையும் எடுத்துப் போனேன். ஜன்னல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு மெதுவாக வருகிறது, ஆனால் புரிகிறது.

"வா" என்றான். "பேப்பரெல்லாம் சரியா இருக்குதா?"

"இருக்குது. ஆதார் நகல் ஒண்ணு வேணும்."

"மேரி, குடு."

நோட்டைப் பிரித்து அவன் மடியில் வைத்தேன். விரலால் அந்த வரியைக் காட்டினேன். "அன்னைக்கு நான் எழுதுனது தப்பு. 'ஆ' போட்டிருக்கோணும். மாத்திட்டேன். தேதி போட்டிருக்கறேன் பாரு."

குனிந்து பார்த்தான். கண்ணாடி கேட்டான், மேரி மாட்டிவிட்டாள். திரும்பவும் பார்த்தான். அவன் ஏதாவது கேலி செய்வான் என்று காத்திருந்தேன். அவன் வாயில் ஒரு கேலி வந்திருந்தால் போதும்.

"நல்லா எழுதியிருக்கற" என்றான். அப்புறம், "லோகு அறைஞ்சானே, அதை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கற?" என்று கேட்டான்.

நோட்டில் அது இல்லை சார். அது முறை நோட்டு. சவாரி மட்டும்தான் எழுதுவது. அதைத்தான் அவனிடம் சொன்னேன்.  "அது இதுல வராது இருதயம்" என்றேன்.

"வராது, ஆமா" என்று நோட்டை மூடி, இடது கையாலேயே என்னிடம் நீட்டினான்.

கடிதம் அச்சடித்த படிவம், நிரப்பியது நான்தான். அவன் பெயர், விலாசம், வண்டி நம்பர், என் பெயர், என் விலாசம். உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. மனுதாரருக்கு இவர் என்ன உறவு என்று. பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு அவனைக் கேட்டேன். "இதுல என்ன எழுதட்டும்?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே அவன் வண்டி உறை போட்டு நின்றது. மேரி உள்ளே போய்விட்டாள். ரொம்ப நேரம் ஆயிற்று. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

"நீயே எழுதிக்கோ" என்றான்.

இடது கையால் கீழே கையெழுத்துப் போட்டான். குழந்தை எழுதினது போல இருக்கிறது, பாருங்கள். இதுதான் அந்தக் கட்டம். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வீட்டில் வைத்து எழுதலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் எழுதலாம் என்று நினைத்தேன். நண்பர் என்று எல்லோரும் எழுதுவதுதான், நாலே எழுத்தோடு சொல் முடிந்துவிடும். ஆனால் அவன் சொல்லி நான் எழுதினால் அது சரி. அவன் சொல்லாமல் நானாக எழுதினால் அது என்ன சார்? அதற்கு யார் சாட்சி?

காலியாக இருந்தால் வாங்க மாட்டார்கள் என்கிறீர்களா? தெரியும். இந்த ஆபீசுக்கு முப்பத்தைந்து வருஷமாக வருகிறவன், எனக்குத் தெரியாதா.

அதிகாரி வந்துவிட்டார் போல. ஆமாம், ஜன்னலைத் திறக்கிறார்கள். உங்கள் பேனாவா? வேண்டாம் சார், என்னிடம் இருக்கிறது. என்னிடம் எப்போதும் இருக்கும்.

கேட்கிறதா? இருதயராஜ், இருதயராஜ் என்று கூப்பிடுகிறார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை என்று இரண்டாவது தடவையும் கூப்பிடுகிறார்கள். நான்தான் எழுந்து போக வேண்டும்.